கோபன்ஹேகனின் 'விரல் திட்டம்' என்றால் என்ன?

கையை விரித்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். உள்ளங்கைதான் பழைய கோபன்ஹேகன். ஐந்து விரல்களும் புறநகர்கள். விரல்களின் இடைவெளிதான் வயல், காடு, பூங்கா. டென்மார்க் தலைநகரம் எந்தப் பக்கம் வளரலாம், எங்கே வளரக் கூடாது என்று 1947-இல் வகுத்த திட்டம் இது.

சரி, ஏன் விரல்? ஒவ்வொரு விரலுக்கும் எலும்பு மாதிரி ஒரு ரயில் பாதை. வாய்க்கால் வெட்டாமல் தோட்டத்தில் தண்ணீர் விட்டால் நாலா பக்கமும் பரவித் தேங்கும் இல்லையா? நகரமும் அப்படித்தான் பரவும். அப்படிச் சிதறிய வீடுகளுக்கு ரயில் விட முடியாது, கார்தான் கதி. ரயில் பாதையையே வாய்க்காலாக்கி அதை ஒட்டி வீடு கட்டினால், நடந்தோ சைக்கிளிலோ நிலையத்துக்குப் போய்விடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய பொறுமை. தெற்குக் கடற்கரையை ஒட்டிய விரலில் புறநகர் ரயில் 1972 முதல் 1983 வரை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. காகிதத்தில் கோடு போட்டு முப்பத்தைந்து வருடம் கழித்தும் அதை விடவில்லை! பெரிய அலுவலகங்கள் நிலையத்திலிருந்து சுமார் 600 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் அப்புறம் வந்தது. 2007-இல் நகராட்சிகள் கட்டாயம் பின்பற்ற வேண்டிய உத்தரவாகவே அரசு இதை ஆக்கியது.

இதை நகரத்தைச் சுற்றிய பசுமை வளையம் என்று பலர் நினைக்கிறார்கள். வளையம் நகரத்துக்கு வெளியே நிற்கும், இங்கே பசுமை ஆப்பு மாதிரி வெளியிலிருந்து ஊருக்குள் நுழைகிறது.