சின்ன மாற்றத்துக்குக்கூடக் குழுவில் ஏன் இத்தனை எதிர்ப்பு?

எட்டுப் பேர் கொண்ட குழுவில் அன்றாட அறிக்கைப் படிவத்தை மட்டும் மாற்றியதற்கே எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றம் சிறியது என்பது உங்கள் கணக்கு. செய்பவருக்கு அது கைப்பழக்கம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஹார்வுட் என்ற பைஜாமா ஆலையில் நடந்த ஆய்வு 1948இல் வெளியானது. இஸ்திரி போடுபவர்கள் அதுவரை துணிகளை அட்டைமேல் அடுக்கினார்கள். இனிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அவ்வளவுதான்! காரணத்தை விளக்கி, கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். ஆனாலும் உற்பத்தி தேறவில்லை. 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். புதிய முறையை வகுப்பதிலேயே எல்லோரும் பங்கேற்ற குழுக்களில் ஒருவர்கூட விலகவில்லை. உற்பத்தி பழைய அளவையும் தாண்டியது.

ஆகவே படிவத்தைத் திரும்பப் பெறுங்கள்; அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. சிக்கலை மட்டும் அவர்கள்முன் வையுங்கள். எந்தத் தகவலை இரண்டு முறை எழுதுகிறோம், எதை யாருமே படிப்பதில்லை என்று அவர்களே சொல்லட்டும். அதிகம் முணுமுணுப்பவரிடம் முதலில் கேளுங்கள். ஓட்டை எங்கே என்பது பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும். பிறகு இரண்டு வாரம் சோதித்துப் பாருங்கள். அந்த நாட்களில் பழைய படிவம் வேண்டாம்; இரண்டையும் நிரப்பச் சொன்னால் வெறுப்பார்கள், அது நியாயமும்கூட.