தமிழில் மூன்றெழுத்து, ஆங்கிலத்தில் மூன்று விதம்

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். மகள் யாழினிக்கு ஐந்தரை வயது. பிரசவம் ஈரோட்டில், என் அம்மா வீட்டில் இருந்தபோது. அங்கே வாங்கிய பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் (Yazhini) இருக்கிறது. ஒரு வயதானபோது மாமனார் எண்கணிதம் பார்த்துவிட்டு, முன்பக்கம் ஒரு 'ஏ', கடைசியில் ஒரு 'ஐ' கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். ஆதார் அப்படித்தான் (Yaazhinii) எடுத்தோம். பள்ளியிலோ 'இசட் எச்' போய் 'எல்' வந்துவிட்டது. கணவர் துபாயில் இருக்கிறார். எங்களை அழைத்துக்கொள்வதற்காகப் பாஸ்போர்ட் எடுக்கப் போனால், பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழையே எண்கணிதப் பெயருக்கு மாற்றித் தர ஒரு ஏஜென்ட் 15,000 ரூபாய் கேட்கிறார். மருத்துவமனை தவறாக எழுதிவிட்டதாகக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். போடலாமா? ஏழு மாத மகனும் இருக்கிறான். பிறப்பைப் பதிந்துவிட்டோம், பெயர் இன்னும் சேர்க்கவில்லை.

பதில்: அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள் அம்மா. மற்றதையெல்லாம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் உங்கள் மாமனாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் பெயரில் எத்தனை 'ஏ' இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எண்கணிதத்தில் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு எண் உண்டு, அதன்படி நீங்கள் எழுதிய எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தேன். வழக்கமான எழுத்தில் 21 வருகிறது. இரண்டு எழுத்தைச் சேர்த்தால் 23. எண்கணிதக்காரர்கள் ராஜயோகம் என்று கொண்டாடும் எண் அது. அவர் கணக்கில் பிழை இல்லை. ஆனால் பாஸ்போர்ட் அலுவலகத்தில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை, ஒரு காகிதத்தை இன்னொரு காகிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். யா, ழி, னி என்று தமிழில் மூன்றே எழுத்து, அதில் எந்தச் சண்டையும் இல்லை. சிக்கல் முழுவதும் ஆங்கில வரியில்தான். இதில் நீங்கள் மட்டும் திண்டாடவில்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்து, கேலிக்கு ஆளாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

சரி, ஏஜென்ட் விஷயம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969, பிரிவு 15 பதிவேட்டில் உள்ள பிழையைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. பிழை என்றால் பிழை. நீங்கள் ஒன்று எழுதிக் கொடுத்து, அவர்கள் வேறொன்றைப் பதிந்திருந்தால் அது பிழை. நீங்கள் கொடுத்ததையே பதிந்திருக்க, பிறகு உங்களுக்கு மனம் மாறினால் அது பிழையாகாது. உங்களுடையது இரண்டாவது வகை. விவரப் பிழையைத் திருத்த, விஷயம் தெரிந்த நம்பகமான இரண்டு பேர் உறுதிமொழி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏஜென்ட் அந்த இரண்டு பேரையும் அவரே கொண்டுவருவார், உங்கள் மகளைப் பார்த்தேயிராத இரண்டு பேர். பொய்த் தகவல் தருவதற்கு இந்தச் சட்டத்திலேயே அபராதம் உண்டு, பொய் உறுதிமொழி தனிக் குற்றம். இன்னொன்றும் இருக்கிறது. பிரிவு 15 பழைய பதிவை அழிக்க விடாது. திருத்தத்தை ஓரத்தில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள், மூலப் பதிவு அப்படியே இருக்கும். பெயர் சேர்க்கும்போது நீங்கள் தந்த கடிதமும் கோப்பில் இருந்தால், நாளைக்கு யாராவது எடுத்துப் பார்த்தால் கேள்வி உங்களிடம்தான் வரும், ஏஜென்டிடம் வராது.

என் யோசனை நேர் எதிர்த் திசையில் போகிறது. பிறப்புச் சான்றிதழை அப்படியே விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். அதுதான் வேர். துபாய்க்குப் பிள்ளையை அழைக்கும்போதும் அந்தச் சான்றிதழைத்தான் வெளியுறவு அமைச்சகத்திடமும் தூதரகத்திடமும் சான்றொப்பம் வாங்கிக் காட்ட வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்தும் அதில் வேறொரு எழுத்துமாக இருந்தால் இதே தலைவலி அங்கேயும் வரும்.

ஆதாரில் ஆரம்பியுங்கள். பிறப்புச் சான்றிதழோடு ஆதார் மையத்துக்குப் போனால் பெயரைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் வாழ்நாளில் இரண்டு முறைதான் பெயர் மாற்ற முடியும். ஒன்றை இப்போது செலவழிக்கிறீர்கள், மிச்சம் ஒன்றுதான், கல்யாணத்துக்கு அப்புறம் அவளுக்கே தேவைப்படலாம். ஐந்து வயது தாண்டியதால் கைரேகை, கருவிழிப் பதிவும் கட்டாயம். இன்னும் எடுக்கவில்லை என்றால் ஒரே நடையில் முடித்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டு தருமுன் திரையில் பெயரைக் காட்டுவார்கள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். 'அதேதான் மேடம்' என்று சொல்வார்கள், நம்பாதீர்கள்.

பள்ளியில் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம், கூடவே சான்றிதழ் நகல். சேர்க்கைப் பதிவேட்டிலும், பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் தளத்திலும் திருத்தச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் திருத்திவிட்டு மற்றதை மறப்பது வழக்கம். இப்போது இது ஒரு கடிதத்தில் முடியும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'எல்' ஏறிவிட்டால் கதையே வேறு. 2021 ஜூனில் ஜிக்யா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பெயர் அவருடைய கருத்து வெளிப்பாட்டு உரிமையில் அடங்கும் என்றும், பிறப்புச் சான்றிதழ் போன்ற அரசு ஆவணங்களின் அடிப்படையில் சி.பி.எஸ்.இ. திருத்தம் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதை வாங்க மாணவர்கள் டெல்லிவரை போக வேண்டியிருந்தது.

மாமனார் 23-ஐ விடவே மாட்டார் என்றால் நேர்மையான வழியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு கொடுக்கலாம். மகள் மைனர் என்பதால் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் உண்டு. ஆனால் அரசிதழில் வந்ததாலேயே பிறப்புப் பதிவேடு மாறிவிடாது. போதாக்குறைக்கு, இந்த அறிவிப்புகளுக்குச் சட்டப் பொறுப்பு எதையும் ஏற்பதில்லை என்று அரசிதழே மேலே அச்சிட்டுத்தான் வெளியிடுகிறது. அந்த இதழின் பிரதி ஒன்றை மகள் ஆயுள் முழுக்கக் கோப்பில் வைத்துக்கொண்டே அலைய வேண்டும். இரண்டு எழுத்துக்கு இது அதிகம் என்பது என் அபிப்பிராயம். பிறந்தநாள் கேக்கிலும் சைக்கிளிலும் எண்கணித எழுத்தை எழுதிக்கொள்ளட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை.

மகன் விஷயம்தான் எனக்கு அவசரமாகப் படுகிறது. பெயர் சேர்க்க, பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதம்வரை கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். மகள் பிறந்த காலத்துக்கும் இவன் காலத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பாஸ்போர்ட் விதிகளையும் 2025-இல் அதற்கேற்ப மாற்றிவிட்டார்கள். ஆகவே எண்கணிதம் பார்ப்பதானால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். எத்தனை 'ஏ' வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் அதைப் பிறப்புச் சான்றிதழில் முதலில் போடுங்கள், ஆதார் அதற்கு அப்புறம். எழுத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி, கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சம்மதம் வாங்கி, அந்தத் தாளையே விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். கவுன்டரில் வாயால் சொல்லப் போனால்தான் 'இசட்' 'எல்' ஆகிவிடுகிறது.

பெயர் சேர்ப்பது பிறந்த ஊரின் பதிவாளரிடம்தான் நடக்கும், குடியிருக்கும் ஊரில் நடக்காது. மகனும் அம்மா வீட்டில்தான் பிறந்தான் என்றால் ஈரோடு மாநகராட்சிக்குப் போக வேண்டும். திருப்பூரில் வரிசையில் நின்று ஒரு நாளை வீணாக்காதீர்கள்.