எரிச்சல் குறைந்ததா, உணர்ச்சி குறைந்ததா?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை வந்து பதினாறு வருடமாகிறது. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரண்டு வருடமாக உள்ளங்கால் எரிச்சல். ராத்திரியில் போர்வை பட்டாலே துடித்துப்போகிறார். தினமும் சுடுதண்ணீரில் கல்லுப்பு போட்டு அரை மணி நேரம் கால் வைக்கிறார். பாகற்காய் மிதித்துப் பார்த்தாயிற்று. முள் வைத்த அக்குபிரஷர் செருப்பும் போடுகிறார். போன மாதம் 7,500 ரூபாய்க்குச் சூடு கொடுக்கும் கால் மசாஜ் மெஷின் வாங்கினோம். எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். அடுத்து சிவப்பு விளக்கு மெஷினா, தோலில் பேட் ஒட்டி லேசாகக் கரண்ட் கொடுக்கும் டென்ஸ் மெஷினா, எது வாங்கலாம்?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

மெஷினின் விலையை எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் பாதம் எப்படியிருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. புண் இருக்கிறதா, பித்தவெடிப்பு இருக்கிறதா, நகம் கறுத்திருக்கிறதா? பார்த்தீர்களா?

கோடையில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகே கொப்புளத்தைப் பார்க்கிற சர்க்கரைக்காரர்களைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. 'எரிச்சல் குறைந்திருக்கிறது' என்பதைப் படித்ததும் எனக்குப் பயம்தான் வந்தது. சர்க்கரையால் கெட்ட நரம்பு தேறினாலும் எரிச்சல் குறையும். அந்த நரம்பு இன்னும் செத்துப்போனாலும் குறையும். எது நடந்திருக்கிறது என்று மெஷின் சொல்லாது.

இன்றைக்கே சோதியுங்கள். அப்பாவைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ தட்டவோ கூடாது. ஒரு விரலை ஒரு முறைதான் தொட வேண்டும். தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று அவர் சொல்லட்டும். ஆறில் இரண்டு தவறினாலே உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள்.

அந்தச் சுடுதண்ணீரை இப்போதே நிறுத்துங்கள். 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் ஐந்தே விநாடியில் தோலை வேகவைத்துவிடும். 49 டிகிரிக்குப் பத்து நிமிடம் போதும். அவர் வைப்பதோ அரை மணி நேரம்! நமக்கானால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம். அவர் எதை வைத்து இழுப்பார்? 'கை விட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது' என்பார். அவருடைய கைவிரலும் மரத்திருக்கலாம். கால் கழுவத் தண்ணீர் 37 டிகிரியைத் தாண்ட வேண்டாம். தெர்மாமீட்டர் வைத்து நீங்கள் பாருங்கள். ஊறவைக்கவே வேண்டாம். இந்தக் கால்களில் வியர்வை குறைந்து தோல் ஏற்கெனவே காய்ந்திருக்கும். உப்புத் தண்ணீர் இன்னும் காயவைத்து வெடிப்பை ஆழமாக்கும். விரலிடுக்கோ ஊறிப்போய்ச் சேற்றுப்புண் வரும். கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலிலும் குதிகாலிலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இடுக்கில் தடவ வேண்டாம். மசாஜ் மெஷினின் சூட்டுக்கும், ராத்திரி ஹாட் பேக் வைத்தால் அதற்கும் இதே பேச்சுதான்.

பாகற்காயைக் குழம்பில் போடுங்கள். முள் செருப்பைத் தூக்கி எறியுங்கள். சிவப்பு விளக்கைப் போலி விளக்கோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டென்ஸ் சிலருக்கு, பெரும்பாலும் ஓடும் நேரத்தில், வலியைக் குறைக்கும். மரத்த இடத்தில் அதன் பேடை ஒட்டவே கூடாது, பேஸ்மேக்கர் இருந்தால் அறவே கூடாது. மிளகாய்ச் சத்துள்ள 0.075 சதவீத கேப்சைசின் கிரீம் உதவலாம். தினம் மூன்று நான்கு வேளை, வாரக்கணக்கில் தடவ வேண்டும். முதலில் எரிச்சல் கூடும். புண்ணில் படக் கூடாது, தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மெட்ஃபார்மின் நாள்பட்டால் வைட்டமின் பி12 குறையலாம். அதுவே நரம்பைக் கெடுக்கும். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கடையில் நீங்களாக 'நரம்பு மாத்திரை' வாங்காதீர்கள். அதில் பி6 அதிகமாக இருந்து நெடுநாள் சாப்பிட்டால் அதுவும் நரம்பைத் தாக்கும்.

வேலூரில் அறுவைசிகிச்சை டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களைக் கவனித்துக் கண்டது இதுதான்: விரல்கள் போனதற்குப் பெரும்பாலும் காரணம், வலி தெரியாமல் பட்ட காயங்கள். அந்தக் கால்களுக்கென்று வந்த எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரைக்காரர்களுக்கும் கொடுக்கிறார்கள். குதிகாலில் வார் உள்ளதாக, விரலிடுக்கில் வார் இல்லாததாக, அளவெடுத்து வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் போடட்டும். போடுமுன் உள்ளே கைவிட்டுக் கல், ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி டார்ச் அடித்து உள்ளங்காலைப் பாருங்கள். வலிக்காத புண் ஒன்று தெரிந்தால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். மெஷினைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். அந்தக் காசு செருப்பு வாங்க உதவும்.