ஜும்பா வகுப்பில் சேர்ந்தால் உடற்பயிற்சிப் பழக்கம் ஒட்டுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. திருச்சியில் வங்கி வேலை. போன வருடம் ஜிம்முக்கு ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். போனது 19 நாள். இப்போது எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணிக்கு, பாட்டுக்கு ஆடியபடி உடற்பயிற்சி செய்யும் ஜும்பா வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு ஆடத் தெரியாது. படி ஏறினால் வலது முட்டி லேசாக வலிக்கும். இதிலும் பாதியில் நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சேரலாமா?

பதில்: சேருங்கள். ஜும்பா ஜிம்மைவிட உசத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. ஜிம்மில் எத்தனை மணிக்குப் போவது, எதைச் செய்வது, எப்போது நிறுத்துவது என்று எல்லாவற்றையும் தினமும் நீங்களே முடிவு செய்ய வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அந்தக் கணக்குப் போடும்போதே போர்வை ஜெயித்துவிடும். வகுப்பில் அந்த வேலை இல்லை. ஆறு மணி என்றால் ஆறு மணி. லிப்ட் ஏறினால் போதும். புதன்கிழமை வராவிட்டால், வெள்ளிக்கிழமை "எங்கே காணோம்?" என்று மூன்றாவது மாடிக்காரர் கேட்பார். நீங்கள் கட்டும் பணம் முக்கியமாக அந்தக் கேள்விக்குத்தான்.

கூட்டத்தின் பலம் பற்றி ஒரு பழைய சோதனை உண்டு. 1920களில் பெர்லினில் ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர் படகோட்டும் சங்கத்து ஆட்களை எடை தூக்க வைத்தார். தன்னைவிடப் பலசாலியோடு ஒரே கம்பியைச் சேர்ந்து தூக்கும்போது, பலம் குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் இருவருக்கும் இடையே வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தால் இந்தப் பலன் குறைந்தது. அதனால் கல்லூரிப் பிள்ளைகள் துள்ளும் வகுப்பைவிட, உங்களைவிடக் கொஞ்சம் தேறியவர்கள் இருக்கும் வகுப்புதான் உங்களுக்கு நல்லது. அபார்ட்மென்ட் வகுப்பு பெரும்பாலும் அப்படித்தான் அமையும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் சும்மா போய்ப் பாருங்கள். பயிற்சியாளர் தான் ஆடுவதிலேயே மூழ்கியிருக்கிறாரா, வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கிறாரா? "முட்டி வலி உள்ளவர்கள் குதிக்க வேண்டாம், கால் மாற்றி வைத்தால் போதும்" என்று அவராகவே சொன்னால் நம்பிச் சேரலாம். முப்பது நாற்பது பேர் நிற்கும் வகுப்பில் இது நடக்காது. மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம், மாதாமாதம் கட்டுங்கள்.

ஆடத் தெரியாதது ஒரு குறையே இல்லை. ஜும்பாவே ஒரு மறதியில் பிறந்தது. 1990களில் கொலம்பியாவின் காலி நகரில் ஆல்பெர்டோ பெரெஸ் என்ற பயிற்சியாளர் ஏரோபிக்ஸ் பாட்டைக் கொண்டுவர மறந்துவிட்டு, கையில் இருந்த சல்சா, மெரெங்கே நடனப் பாட்டு கேசட்டைப் போட்டுச் சமாளித்த கதை அது. கூச்சமாக இருந்தால் இரண்டாவது வரிசையில் ஓரமாக நில்லுங்கள். கடைசி வரிசைக்குப் போகாதீர்கள். எல்லோரும் திரும்பி ஆடும்போது அதுதான் முதல் வரிசை.

முதல் இரண்டு வாரம் பாதி வேகம் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் மிதமான உழைப்பு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது சகஜம். ஆனால் வலி தாங்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பழக்கமில்லாத உடம்பை ஒரேயடியாக வதைத்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முட்டியைப் பொறுத்தவரை, சேரும் முன் ஒருமுறை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிவிடுங்கள். வீக்கம் இருந்தாலோ, முட்டி மடங்கி விழப்போவது போல இருந்தாலோ காட்டாமல் சேர வேண்டாம். வெறுங்காலோடு ஆடாதீர்கள். உடம்பைத் திருப்பும்போது குதிகாலைத் தூக்கிக்கொண்டு பாதத்தையும் சேர்த்துத் திருப்புங்கள். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டால் முறுக்கு முழுவதும் முட்டியில்தான் விழும்.

அப்புறம், 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிற அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். தண்ணீர் குடிப்பது போன்றவற்றைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆனது. 19-ஆம் நாளில் நின்றதற்காக உங்களை நொந்துகொள்ள ஒன்றுமில்லை, அப்போது பழக்கம் முழுதாக ஒட்டியிருக்க வாய்ப்பு குறைவு. ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. திங்கள் விட்டுப்போனால் புதன் போய்விடுங்கள், அவ்வளவுதான்.

வாரம் மூன்று வகுப்பு, 45 நிமிடம் வீதம் 135 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது மிதமான உழைப்பில் குறைந்தது 150. ஞாயிறு காலை உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் அரைமணி நடந்தால் சரியாகிவிடும். வகுப்பிலிருந்தே ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏனென்றால் பயிற்சியாளர் ஊரைவிட்டுப் போகலாம், மழையில் மாடி நனையலாம், வகுப்பே நின்றுபோகலாம். நான் பார்த்தவரை, அப்போதும் தொடர்ந்தவர்கள் வகுப்பில் ஒரு துணையைப் பிடித்துவைத்தவர்கள்தான். வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும். ஜும்பாவில் அது போதுமான அளவு கிடைக்காது. வகுப்பு முடிந்ததும் ஷூவைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று செய்துவிடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் செய்ய மாட்டீர்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்று: காலை ஆறிலிருந்து ஏழு வரை உங்கள் வீட்டு அடுப்பு யார் பொறுப்பு? முட்டி வலியால் வகுப்பை விட்டவர்களைவிட, குக்கர் விசிலால் விட்ட பெண்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டிபன் பாக்ஸ் யார் கட்டுவது என்று பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.