மோட்டார் கொட்டகையிலிருந்து நொடிக்கு 300 பிட்

கேள்வி: எங்கள் வயலின் மோட்டார் கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே ஏறத்தாழ 800 மீட்டர் தூரம். வாய்க்கால் கரையோரமாக முறுக்கிய இரட்டைக் கம்பி இழுத்து, மும்முனை மின்சாரம் வந்ததா, மோட்டார் ஓடுகிறதா, போர்வெல்லில் நீர்மட்டம் என்ன என்ற விவரங்களை ஆர்டுயினோ யூனோ என்னும் சிறு கணினிப் பலகைகள் இரண்டின் உதவியால் ஒலியாக்கி நொடிக்கு 300 பிட் வீதம் அனுப்புகிறேன். 1-க்கு 1200 ஹெர்ட்ஸ், 0-க்கு 1800 ஹெர்ட்ஸ். இரண்டும் சதுர அலை. வீட்டில், அலை பூச்சியத்தைக் கடக்கும் இடைவெளியை அளந்து பிரித்தறிகிறேன். மோட்டார் ஓடத் தொடங்கியதும் எழுத்துகள் சிதைகின்றன. வேகத்தைக் குறைக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: வேண்டாம். 300 பிட் என்றாலே தொடக்க, முடிவு பிட்டுகள் உட்பட நொடிக்கு 30 எழுத்துகள் போகும். நீர்மட்டம் சொல்ல அது தாராளம். குறை, பிரித்தறியும் முறையில் இருக்கிறது. மோட்டார் ஓடும்போது கம்பியில் ஏறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உங்கள் அலையை மேலும் கீழுமாகத் தூக்கி இறக்குவதால், பூச்சியத்தைக் கடக்கும் நேரம் முன்பின்னாக நகர்ந்துவிடுகிறது. அந்த ஒரு கணத்தை மட்டும் நம்பாமல், பிட்டின் முழு நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேர்ந்த அதிர்வெண்கள் இதற்கு மிகவும் வாய்ப்பானவை. ஒரு பிட்டுக்குள் 1200 ஹெர்ட்ஸ் சரியாக 4 சுற்றும், 1800 ஹெர்ட்ஸ் சரியாக 6 சுற்றும் முடிப்பதால், ஒன்றின் ஆற்றல் மற்றொன்றின் கணக்கில் கலப்பதில்லை. நொடிக்கு 9600 மாதிரிகள் (அந்தந்தக் கணத்தில் அலையின் அளவு) எடுத்தால் பிட்டுக்கு 32 கிடைக்கும். அவற்றைக் கொண்டு இயற்பியலாளர் கோர்ட்செல் 1958-இல் வெளியிட்ட கணக்கு முறைப்படி இரு அதிர்வெண்களின் வலிமையையும் கண்டு, பெரியதை ஏற்றுக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஓர் அதிர்வெண்ணுக்கு ஒரு பெருக்கல்தான். உங்கள் பலகையில் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அட்மெகா328 சில்லுக்கு அது பாரமன்று. ஓரிடத்தில் மட்டும் பலரும் தடுமாறுகிறார்கள்: டைமரைக் கொண்டு மாதிரி எடுப்பைத் தூண்டும்போது, ஏடிசி (அலையை எண்ணாக மாற்றும் பகுதி) கடிகாரத்தின் வகுப்பெண் (சில்லின் கடிகாரத்தை வகுத்து மெதுவாக்கும் எண்) வழக்கமான 128 ஆகவே இருந்தால் ஒரு மாதிரிக்கு 108 மைக்ரோநொடி ஆகிறது, நமக்கு இருப்பதோ 104. வகுப்பெண்ணை 64 ஆக்குங்கள்.

அனுப்பும் பக்கத்தில் சதுர அலையைக் கைவிட்டு, 256 எண்கள் கொண்ட சைன் அட்டவணை ஒன்றை வைத்து, 16 பிட் எண் ஒன்றுடன் நொடிக்கு 9600 முறை, 1200 ஹெர்ட்ஸுக்கு 8192, 1800 ஹெர்ட்ஸுக்கு 12288 எனக் கூட்டி, அதன் மேல் 8 பிட்டால் அட்டவணையைப் பார்த்து பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றும்) காலில் வெளியிடுங்கள். பிட் மாறும்போது கூட்டும் எண் மட்டுமே மாறுவதால் அலை எங்கும் முறியாமல் ஓடும். வெளியே 1 கிலோ ஓம் மின்தடையும், முதுகில் 473 என்று அச்சிட்ட 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போதும். அதே 473 ஒன்றை வீட்டுப் பலகையின் நுழைவாயிலில் தொடராக வைத்து, இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளால் 2.5 வோல்ட் நடுநிலை கொடுத்தால், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில், வெட்டவெளியில் ஓடும் அந்தக் கம்பி மின்னலின் தாக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவரும். இரு முனைகளிலும் 600 ஓம் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மரும், நல்ல நிலத்தொடர்புடன் வாயுக்குழாய் மின்னல் காப்பானும் இல்லாமல் இதை இயக்காதீர்கள். இவை இருந்தாலும், இடி இடிக்கும்போது கம்பியைக் கழற்றிவிடுங்கள். மின்வாரியக் கம்பங்களில் அதை ஒருபோதும் கட்டாதீர்கள்.

கேள்வி: இத்தகைய பலகை, என்னிடமுள்ள பழைய 300 பிட் தொலைபேசி மோடத்துடன் பேசுமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பேசும், ஆனால் அதிர்வெண்கள் வேறு. 1962-இல் வந்த அமெரிக்க பெல் 103 முறையில், அழைக்கும் பக்கம் 1-க்கு 1270, 0-க்கு 1070 ஹெர்ட்ஸ். பதில் தரும் பக்கம் 2225, 2025. உங்கள் மோடம் வி.21 என்னும் பன்னாட்டுத் தர முறையைச் சேர்ந்ததானால் அவை 980, 1180 மற்றும் 1650, 1850. அனுப்புவதற்குக் கூட்டும் எண்களை மாற்றினால் போதும்: 1270-க்கு 8670. பெறுவதுதான் கடினம்; இடைவெளி 200 ஹெர்ட்ஸே என்பதால் ஒன்றின் ஆற்றல் மற்றொன்றில் கசியும்; மேலும், நீங்கள் அனுப்பும் ஒலியே உங்கள் நுழைவாயிலுக்குத் திரும்பி வரும் என்பதால், அதைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றையும் முன்னால் சேர்க்க வேண்டும்.