ரஸ்க்கும் பச்சரிசியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உணவு பற்றி நீங்கள் எழுதுவனவற்றைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். எனக்கு வயது நாற்பத்தொன்று. திருச்சியில் வசிக்கிறேன். வயிற்று உப்புசம், வலி, சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல் என்று பல ஆண்டுகள் அவதிப்பட்டபின், குடல்நோய் மருத்துவர் ஒருவர் ஐபிஎஸ் (IBS, எரிச்சலுறு குடல் நோய்) என்று சொல்லி உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். அவர் வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பெரும்பாலான பருப்புகள், மாம்பழம், ஆப்பிள் ஆகியவற்றை ஆறு வாரத்துக்கு நிறுத்தச் சொன்னார். இப்போது நான்காவது வாரம். வயிறு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

ஆனால் நாக்கு அடங்கவில்லை. காலைக் காபி இல்லாமல் இருக்க முடியாது என்று பயந்தேன். பால் விடாத டீயோடு எளிதாகப் பழகிவிட்டேன். மாறாக, எனக்கென்று ஒருநாளும் வாங்கித் தின்றிராத ரஸ்க்கின் மேல் ஆசை வந்து ஆட்டுகிறது. பூண்டு ஊறுகாயை நான் தொடுவதே இல்லை. இப்போது நினைத்தாலே வாய் ஊறுகிறது. சமையல் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இரவு பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது. சென்ற வாரம் மகனுக்காக வாங்கி வைத்திருந்த ரஸ்க்கில் நான்கை நின்ற இடத்திலேயே தின்றுவிட்டு அழுதேன். இத்தனை நாள் இருந்ததெல்லாம் வீண்தானா? அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லும் பழக்கம் வேறு சில மாதங்களாக இருக்கிறது, அதுவும் இப்போது கூடியிருக்கிறது.

என் மாமியார், "உடம்பு கேட்கிறது, கொடுத்துவிடு" என்கிறார். வாட்ஸ்அப் குழுவிலோ, "எதற்கு ஏங்குகிறோமோ அதுதான் நமக்கு ஒவ்வாதது, வாழ்நாள் முழுக்கத் தொடாதே" என்கிறார்கள். யார் சொல்வது சரி? வயிறு அமைதியாக இருப்பதால் இதே உணவை இன்னும் ஆறு மாதம் நீட்டிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் பச்சரிசியிலிருந்து தொடங்குகிறேன். ரஸ்க்கும் ஊறுகாயும் காத்திருக்கலாம்; இது காத்திருக்கக் கூடாது. நான் மருத்துவன் அல்லன், ஆகவே உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் பச்சரிசி, பனிக்கட்டி, சாம்பல், செம்மண், பல்பம் முதலியவற்றை மெல்லத் தோன்றும் ஆசை இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்தி. நம் ஊருக்கும் இது புதிதன்று. புறநானூற்றின் இருபதாம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேரனைப் புகழும்போது, உன் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்டால் உண்டே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்கிறார். மசக்கையில் மண் தின்பது கேட்பவர் அனைவருக்கும் தெரிந்த ஒன்றாக இருந்தால்தான் அந்தப் புகழுரை எடுபட்டிருக்கும்.

உங்கள் பழக்கம் இந்த உணவுமுறைக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். ஆகவே அதற்கு வெங்காயமும் பூண்டும் நின்றது காரணமாக இருக்க முடியாது. ஆனால் பருப்பு குறைந்ததும், காபிக்கு மாற்றாக வந்த டீயை நீங்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பவராக இருந்தால் அதுவும், இருந்த குறையைக் கூட்டியிருக்கலாம். உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதை டீ தடுக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது என்பதால், சந்தேகப்படுவதற்கு நீங்கள் தனித்த காரணம் எதையும் தேட வேண்டியதில்லை. ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். சேமிப்பில் இருக்கும் இரும்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும் என்பதால் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிடக் கூடாது. குறைவு இருப்பதாகத் தெரிந்து மாத்திரை தொடங்கினால், ரத்தத்தின் அளவு ஏறுவதற்கு முன்பே, சில நாட்களில் இந்த ஆசை பலருக்கு நின்றுவிடுகிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கோதுமையை நிறுத்துவதற்கு முன்னரே, கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா? அந்த நோயில் வயிறு ஐபிஎஸ் போலவே படுத்தும், இரும்புச்சத்தும் குறையும். கோதுமையை நிறுத்தியபின் பரிசோதித்தாலோ, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். பரிசோதனை நடக்கவில்லை என்றால் அடுத்து எதைச் செய்வது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் மாற்றாதீர்கள்.

இனி உங்கள் மாமியாரின் கருத்துக்கு வருகிறேன். உடம்பு தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை முற்றிலும் பொய் அன்று. 1940இல் அமெரிக்க மருத்துவ இதழில் பதிவான ஒரு சிறுவன், அட்ரினல் சுரப்பி கெட்டு உடம்பில் உப்பு தங்காததால், உப்பை அள்ளி அள்ளித் தின்று உயிர் தரித்திருந்தான். காரணம் அறியாமல் மருத்துவமனையில் வழக்கமான உணவைக் கொடுத்தபோது சில நாட்களிலேயே இறந்துபோனான். அவனுடைய உப்பு ஆசையும் உங்களுடைய பச்சரிசி ஆசையும் உடலின் கோளாறைக் காட்டுபவை. (பச்சரிசியில் இரும்பு கொட்டிக்கிடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், கோளாறைக் காட்டும் ஆசைகூடத் தீர்வைக் காட்டுவதில்லை.) ஆனால் சாதாரணமாக ஒரு தின்பண்டத்தின் மேல் வரும் ஆசை இந்த வகையைச் சேர்ந்ததன்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மிச்னர், ரோசின் என்ற இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சாக்லேட்டுக்கு ஏங்குகிறவர்களுக்கு வெவ்வேறு சமயங்களில் சாக்லேட்டையும், கோக்கோவின் வேதிப்பொருள்கள் அடங்கிய குளிகைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். குளிகையால் ஏக்கம் தணியவில்லை, சாக்லேட்டால் தணிந்தது. கோக்கோவின் கொழுப்பு மட்டும் உள்ள, கோக்கோத் தூள் சேராத வெள்ளைச் சாக்லேட்கூட ஓரளவுக்குத் தணித்தது. கேட்டது நாக்கும் மூக்கும் நினைவும்தான். சத்துக்கு அங்கே வேலை இல்லை.

வாட்ஸ்அப் குழுவின் கருத்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. சிகாகோவில் மருத்துவராக இருந்த தீரன் ராண்டால்ஃப், மறைவான ஒவ்வாமை உள்ள உணவுக்கே மனிதர் அடிமையாகிறார் என்று கடந்த நூற்றாண்டின் நடுவில் எழுதினார். பொதுவான மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அது பல கைகள் மாறி இன்று உங்கள் கைப்பேசி வரை வந்து சேர்ந்திருக்கிறது. இதை மறுக்க உங்கள் கடிதமே போதும். தினமும் பாலும் காபியுமாக இருந்த நீங்கள் அவற்றைத் தேடவில்லை. வழக்கத்திலேயே இல்லாத ரஸ்க்கைத் தேடுகிறீர்கள். ஆசைப்பட்டதை எல்லாம் ஒவ்வாதது என்று கழித்துக்கொண்டே போனால் கடைசியில் தட்டில் சோறும் உப்பும்தான் மிஞ்சும்.

அப்படியானால் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது? ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த மார்சியா பெல்சாட், 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், போதிய சத்துள்ள ஒரே சுவையான பானத்தை மட்டும் சில நாட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சத்தில் குறை இல்லை, ஆனாலும் இளம் வயதினருக்கு ஏக்கம் பெருகியது. முதியவர்களிடம் அவ்வாறு நேரவில்லை. ஏக்கம் எழுவதற்குச் சத்துக்குறைவு தேவையில்லை, சலிப்பே போதும் என்பது இதிலிருந்து தெரிகிறது. உங்கள் தட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் பருப்பும் வெங்காயமும் இல்லாமல், சோறு, தெளிவான ரசம், வேகவைத்த காய் என்று நான்கு வாரம் போயிருந்தால், பல்லுக்கு வேலை வைக்கும் பொருளே அதில் இருந்திராது. ரஸ்க்கை நீங்கள் கடிக்கும்போது எழும் அந்த மொறுமொறுப்புதான் உங்களுக்கு வேண்டியிருக்கிறது என்பது என் ஊகம். இன்னொரு ஊகமும் உண்டு. நம் வீடுகளில் காய்ச்சல் வந்த குழந்தைக்குச் சோற்றை நிறுத்திவிட்டுக் கொடுப்பது ரஸ்க்தான். வீட்டார் எல்லாரும் ஒன்றைச் சாப்பிட, நோயாளி என்று உங்களுக்குத் தனியாக ஒன்று பரிமாறப்படும் இந்த நாட்களில், அந்தப் பழைய நினைவு எழுந்து வந்திருந்தால் அதில் வியப்பில்லை.

மொறுமொறுப்புக்கு வழி இருக்கிறது. அரிசிப் பொரி, அரிசி வடாம், தேங்காய்த் துருவல் சேர்த்த அவல், வறுத்த நிலக்கடலை ஆகியவற்றை உங்கள் உணவியல் நிபுணரிடம் காட்டி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றிலோ ரசத்திலோ பெருங்காயம் சேர்ப்பதானால் ஒன்று: கடையில் விற்கும் பெருங்காயத்தூளில் கோதுமை மாவு கலந்திருப்பது உண்டு. உங்களுக்கு ஒரு சிட்டிகையால் கெடுதல் இல்லை, ஆனால் சீலியாக் நோய் உறுதியானால் அதையும் பார்க்க வேண்டிவரும்.

பூண்டுக்கும் வழி உண்டு. பூண்டில் உங்களுக்குத் தொல்லை தருவதாகக் கருதப்படும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத்தொடர் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயைச் சிறு தீயில் வைத்து, நசுக்காத முழுப் பற்களைப் போட்டு, அவை பொன்னிறமாகி வாசனை எழுந்ததும் கரண்டியால் ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து ரசத்தில் கொட்டுங்கள். பூண்டின் மணம் முழுதும் அதில் இறங்கியிருக்கும். அன்றன்றைக்குச் செய்துகொள்வது நல்லது. பூண்டு ஊறிய எண்ணெயை வெளியில் வைத்திருந்தால் நச்சுக் கிருமி வளர இடம் உண்டு. ஊறுகாய்ச் சாடியின் மேல் நிற்கும் எண்ணெயை இதற்குப் பயன்படுத்தலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். கூடாது, அதில் எலுமிச்சைச் சாறும் பூண்டு விட்ட நீரும் கலந்திருக்கும். வெங்காயத்தின் நினைப்பு வந்தால் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போட்டுக்கொள்ளலாம், வெள்ளைப் பகுதி ஆகாது.

எனக்குக் கவலை தருவது நள்ளிரவுச் சமையல் வீடியோக்கள்தான். இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944–45இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், போருக்குச் செல்ல மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். சமையலில் அதுவரை ஆர்வமே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களை நாவல் படிப்பதுபோல் படித்தார்கள், செய்முறைகளைத் தொகுத்தார்கள். நீங்கள் அந்த நிலையில் இருப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் பாலும் பருப்பும் சப்பாத்தியும் ஒரே நாளில் நின்றபோது, அவற்றின் இடத்தில் என்ன வந்தது? எடை குறைந்திருக்கிறதா? குடும்பத்துக்குச் சமைத்துப்போட்டுவிட்டுத் தனக்கென்று தனியாக ஒன்று செய்துகொள்ளச் சோம்பி, இருப்பதில் விலக்கப்படாததை மட்டும் பொறுக்கித் தின்று எழுந்துவிடுவது நம் பெண்களின் வழக்கம். அசைவம் உண்பவராக இருந்தால் முட்டை, மீன், கோழிக்கு இந்த முறையில் தடையே இல்லை. பூண்டும் வெங்காயமும் இல்லாமல் மிளகிலும் சீரகத்திலும் சமைத்துக்கொண்டால் போதும். சைவம் என்றால் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரையை நீக்கிய பாலும் தயிரும், உருளைக்கிழங்கும், நிலக்கடலையும் இருக்கின்றன. முதலில் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பிறகும் ரஸ்க் கூப்பிடுகிறதா என்று பாருங்கள்.

தின்ற நான்கு ரஸ்க்குக்காக அழுதீர்கள் என்று படித்தபோது, நீங்கள் இதை ஒரு விரதமாக எடுத்துக்கொண்டிருப்பது புரிந்தது. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் சேர்ந்து உருவாக்கிய, குடலில் சரியாகச் செரிக்காமல் நொதிக்கும் சர்க்கரைகளையும் சர்க்கரைத்தொடர்களையும் சிறிது காலம் விலக்கிப் பார்க்கும் ஃபாட்மேப் (FODMAP) முறையைத்தான் உங்களுக்குத் தந்திருக்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தால் தெரிகிறது. அது ஒரு சோதனை. சோதனையில் தவறினால் பாவமும் இல்லை, பரிகாரமும் இல்லை. தேதியையும் தின்றதையும் மறுநாள் வயிறு இருந்த விதத்தையும் எழுதிவைத்துவிட்டு, வயிறு அமைதியானதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான். ஆகவே இத்தனை நாளும் வீண் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு இரவிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ரஸ்க்கில் கோதுமை இருக்கிறது, பெரும்பாலும் பாலும் இருக்கிறது. நீங்களோ அதைக் குற்ற உணர்ச்சியோடு தின்றிருக்கிறீர்கள். ஐபிஎஸ் உள்ளவர்களின் குடலைக் கலக்க மனக்கலக்கம் ஒன்றே போதும். மறுநாள் வயிறு ஊதியிருந்தாலும் அதற்குக் காரணம் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆறு மாதம் நீட்டுவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். விலக்கும் கட்டம் இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு உரியது. நாட்கள் செல்லச் செல்ல விலக்கிய பொருளின் மேலுள்ள ஏக்கம் குறைவதாக எடைக்குறைப்பு உணவுகளைப் பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன, ஆகவே உங்களால் நீட்ட முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் நிறுத்தியிருக்கும் அதே சர்க்கரைத்தொடர்கள்தாம் குடலிலுள்ள நன்மை தரும் பாக்டீரியாக்களுக்கு உணவு. இந்த முறையில் சில வாரங்களிலேயே அந்த வகையைச் சேர்ந்த பிஃபிடோபாக்டீரியாக்கள் குறைவதை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். மேலும், விலக்கிய அனைத்துமே உங்களுக்கு ஆகாதவையாக இருப்பது அரிது. ஒன்றோ இரண்டோதான் காரணமாக இருக்கும், அதுவும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் மட்டுமே. அது எது என்று கண்டுபிடிக்கும் கட்டம் இனிமேல்தான் வருகிறது. அதைத் தொடாமல் நின்றுவிட்டால் நான்கு வாரம் பட்ட பாட்டுக்குப் பலன் பாதிதான்.

சீலியாக் விஷயம் தெளிந்தபின், ஆறாம் வாரம் முடிந்ததும் உணவியல் நிபுணரைப் பாருங்கள். ஆசை கூப்பிடும் வரிசையிலேயே சோதிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ரஸ்க்கிலிருந்து தொடங்காதீர்கள். கோதுமையைச் சோதிக்கப் பாலும் சர்க்கரையும் சேராத வெறும் சப்பாத்தியே தகும்: முதல் நாள் சிறிதளவு, மறுநாள் சற்றுக் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு, பிறகு சில நாள் இடைவெளி. அந்த நாட்களில் மற்ற விலக்குகள் அப்படியே இருக்க வேண்டும். பூண்டும் பாலும் அதன்பின் தனித்தனியாக வரட்டும். கோதுமையும் பாலும் தேறிவிட்டால் ரஸ்க்கை வாங்கிவைத்துக்கொண்டு, உட்கார்ந்து, தட்டில் போட்டுச் சாப்பிடுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் ஆறாம் வாரம் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போய்விடுங்கள்.