க்ரஸ்கல்-வாலிஸுக்குப் பிறகு மான்-விட்னியை ஜோடி ஜோடியாகப் போட்டால் போதுமா?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது 4 குழுக்கள், குழுவுக்கு 4 எலிகள்: ஒரு கண்ட்ரோல், அப்புறம் மூன்று டோஸ். எல்லாக் குழுக்களையும் ஒன்றாக ஒப்பிடும் க்ரஸ்கல்-வாலிஸ் சோதனையில் பி மதிப்பு (குழுக்களிடையே வித்தியாசமே இல்லையென்றால் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) வழக்கமான வரம்பான 0.05-க்குக் கீழே வந்துவிட்டது. எந்தக் குழுவுக்கும் எந்தக் குழுவுக்கும் வித்தியாசம் என்று காட்ட, ஆறு ஜோடிக்கும் மான்-விட்னி (இரண்டு குழுக்களை ஒப்பிடும் சோதனை) போட்டு போன்ஃபெரோனி திருத்தம் (பி மதிப்பை ஒப்பீடுகளின் எண்ணிக்கையால் பெருக்குவது) செய்யலாமா என்கிறார்.

செய்யலாம், ஆனால் ஒன்றும் தேறாது. ஒரு ஜோடியில் எட்டு எலிகள். எட்டு ரேங்கை (சிறியதிலிருந்து பெரியதுவரை மதிப்புகளுக்குத் தரும் வரிசை எண்) நாலு நாலாகப் பிரிக்க 70 வழிகள். ஒரு குழுவின் நாலு மதிப்பும் மற்றதன் நாலு மதிப்புக்கும் மேலேயே இருந்தாலும், இருபக்கச் சோதனையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி மதிப்பு 2/70, அதாவது 0.029. ஆறால் பெருக்கினால் 0.17. மருந்து எவ்வளவு பிரமாதமாக வேலை செய்திருந்தாலும் இதுதான். ஹோம் என்ற இன்னொரு திருத்த முறையில் பெருக்கும் எண் ஒவ்வொரு படியிலும் ஒன்று குறையும்; ஆனால் அதிலும் மிகச் சிறிய பி மதிப்பை ஆறால்தான் பெருக்க வேண்டும், அதனால் அதுவும் கைகொடுக்காது. குழுவுக்கு 5 எலி இருந்திருந்தால் 2/252, ஆறால் பெருக்க 0.048. மயிரிழையில் தப்பியிருக்கலாம்! எலி வாங்கும் முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது.

சரி, டன் சோதனை? 1964-இல் வந்தது; எஸ்.பி.எஸ்.எஸ்., பிரிஸம் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் க்ரஸ்கல்-வாலிஸுக்குப் பின் இதைத்தான் தருகின்றன. 16 எலிகளையும் ஒன்றாக வரிசைப்படுத்திய ரேங்குகளையே இது பயன்படுத்துவதால் அந்த 0.029 தடை இல்லை. ஆனால் இதில் ஒரு வில்லங்கம். நாலு குழுக்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, துளியும் கலக்காமல் அடுக்கியிருக்கின்றன என்று வையுங்கள். சராசரி ரேங்க் 2.5, 6.5, 10.5, 14.5. கண்ட்ரோலுக்கும் உச்ச டோஸுக்கும் இசட் மதிப்பு (பெரிதாக ஆக ஆக பி மதிப்பு குறையும்) 3.56. கண்ட்ரோலுக்கும் குறைந்த டோஸுக்கும் வெறும் 1.19. இரண்டு ஜோடியிலும் மதிப்புகள் கொஞ்சமும் கலக்கவில்லை, ஆனாலும் பதில் வேறு. காரணம், இடையில் வந்து உட்கார்ந்திருக்கும் மற்ற இரண்டு குழுக்கள். அவற்றை நீக்கினால் அதே எட்டு எலிகளின் முடிவு மாறிவிடும். எனக்கு இது பிடிக்காது. ஸ்டீல்-ட்வாஸ் என்ற இன்னொரு சோதனை ஒவ்வொரு ஜோடிக்கும் புதிதாக ரேங்க் போடுவதால் இந்தச் சிக்கல் அதில் இல்லை. ஆனால் குழுவுக்கு நாலே எலி என்றால் அதுவும் 0.05-ஐ எட்டாது.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் முதலில் கேட்பது: ஆறு ஜோடியும் உண்மையில் வேண்டுமா? டோஸ் ஆய்வில் பெரும்பாலும் கண்ட்ரோலோடு ஒப்பிட்டால் போதும், மூன்றே ஒப்பீடு. மேலே சொன்ன அடுக்கில் நடு டோஸுக்கு டன் தரும் பி மதிப்பு 0.0175, போன்ஃபெரோனியில் 0.052, ஹோமில் 0.035. அதனால் டன்னோடு ஹோம், அதுவும் தரவைப் பார்க்கும் முன்பே எடுத்த முடிவாக இருந்தால் மட்டும். முடிவைப் பார்த்துவிட்டு ஆறை மூன்றாக்குவது அழுகுணி ஆட்டம். கட்டுரையில் சோதனையின் பெயர், திருத்தத்தின் பெயர், எத்தனை ஒப்பீடு என்ற மூன்றையும் எழுதுங்கள். பார் வரைபடத்துக்குப் பதில் 16 புள்ளிகளையும் அப்படியே போடுங்கள்.

ஒன்று கேட்க விட்டுப்போனது: இவை 16 தனித்தனி எலிகள்தானே? நாலே எலிகளுக்குக் கண்ட்ரோலையும் மூன்று டோஸையும் மாற்றி மாற்றிக் கொடுத்து அளந்திருந்தால் க்ரஸ்கல்-வாலிஸே பொருந்தாது. ஃப்ரீட்மன் சோதனைக்குப் போக வேண்டும். (ஆமாம், நோபல் வாங்கிய பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன்தான், 1937-இல்.)